ஒரு முழங்கைக்கு 18.5 கோடி டாலரா?

டல்லாஸ் வந்த புதுசில் பேஸ்பால் எனக்குப் புரியவே இல்லை. இப்போது ஆபீஸ் லஞ்சில் சண்டையே போடுகிறேன். 2022 டிசம்பரில் எங்க டெக்சாஸ் ரேஞ்சர்ஸ், சை யங் விருதை இரண்டு முறை வாங்கிய பிட்சர் ஜேக்கப் டிகிராமை 5 வருஷத்துக்கு 18.5 கோடி டாலர் கொடுத்து எடுத்தது. கிரிக்கெட் பவுலர் மாதிரி இவர் எல்லா மேட்சும் ஆட மாட்டார். ஐந்து நாளைக்கு ஒரு தடவைதான். சீசனின் 162 மேட்சில் இவர் பங்கு முப்பது சொச்சம்!

2023-ல் அதுவும் இல்லை. ஆறே மேட்ச், அப்புறம் முழங்கையில் ஆபரேஷன். ஆனால் ரேஞ்சர்ஸ் முதன்முதலாக வேர்ல்டு சீரிஸ் ஜெயித்ததும் அந்த வருஷம்தான். 2 வருஷத்துக்கு 3.4 கோடி டாலருக்கு வந்த நேதன் இயோவால்டி, பிளேஆஃப்பில் ஐந்து வெற்றி கொடுத்தார். அந்தப் பெரிய பணத்தை நான் இரண்டு மூன்று பேருக்குப் பிரித்திருப்பேன். ஒரே சர்வரை நம்பி ராத்திரியெல்லாம் முழித்தவன் நான்.

“2025-ல டிகிராம் 30 மேட்ச் ஆடினாரேப்பா?” என்கிறான் மகன். ஆடினார்டா, அருமையா ஆடினார். டீம்தான் பிளேஆஃப் போகலை.