திறந்தநிலைக் கல்வி வளங்களும் மலேசியத் தமிழ் இலக்கியக் கற்பித்தலும்

'திறந்தநிலைக் கல்வி வளங்கள்' என்னும் பொருளுடைய தொடர் 2002ஆம் ஆண்டு பாரிசில் கூடிய யுனெஸ்கோ கருத்தரங்கில் உருப்பெற்றது. அதற்கு முந்திய ஆண்டில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், தன் பாடக் குறிப்புகளை எவரும் பயன்கொள்ளுமாறு இணையத்தில் வெளியிடப்போவதாக அறிவித்திருந்தது. தமிழர்க்கோ இது முன்பே கைவந்த நெறியாகும். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் வெளியிட்டனர். முகப்புக் குறிப்பை நீக்காதவரை மின்னூலைத் தடையின்றிப் பரப்பலாம் என்பதே அவர்கள் விதித்த நிபந்தனை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002ஆம் ஆண்டின் இறுதியில்தான் வெளிவந்தன என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இலவசமாகக் கிடைப்பது வேறு, திறந்தநிலையில் இருப்பது வேறு. ஒன்றைப் படிக்கலாம், ஆனால் வைத்துக்கொள்ளவோ, திருத்தவோ, பிறவற்றோடு இணைக்கவோ, மீண்டும் பகிரவோ உரிமையில்லை எனில் அது திறந்த வளமாகாது. பல்கலைக்கழக ஆசிரியருக்கு இவற்றுள் இன்றியமையாதது திருத்தும் உரிமையே. கிள்ளானிலிருந்து வரும் முதலாமாண்டு மாணவருக்குக் குறுந்தொகையைக் கற்பிப்பவர், அருஞ்சொற்பொருளைச் சுருக்கவும், திணை விளக்கத்தில் இந்நாட்டு மரஞ்செடிகளை எடுத்துக்காட்டவும், தேவையான இடத்தில் மலாய்ச் சொல்லைச் சேர்க்கவும் விரும்புவார். மூலபாடம் எவர்க்கும் பொதுவாயிருப்பதால் அவர் அதைச் செய்ய இயலும். அண்மைக்கால உரையாசிரியர் ஒருவரின் உரையில் அவ்வாறு கைவைத்தல் இயலாது.

வடிவமும் இதில் ஒரு கூறாகும். ஒருவர் தட்டெழுதியதை மற்றவர் கணினி படிக்க இயலாதிருந்த காலத்தில், 1999இல் வந்த தஸ்கி குறியீடும் பின்னர் ஒருங்குறியும் அத்தடையை நீக்கின. 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டில் தமிழ் மரபு அறக்கட்டளையும் தொடக்கம் கண்டது. ஆயினும் இன்றும் பக்கங்களைப் படமாக வருடி வெளியிடுவதோடு பலர் நின்றுவிடுகின்றனர். படத்துள் சொல் தேட முடியாது; அதனைத் திருத்தவும் முடியாது.

இவ்வளவும் பழந்தமிழுக்குப் பொருந்தும். இம்மண்ணில் எழுந்த இலக்கியத்தின் நிலை நேர்மாறானது. மலாயாவின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' 1917இலும், 'நவரச கதா மஞ்சரி' என்னும் சிறுகதைத் தொகுதி 1930இலும் வந்தன. பின்னர் வந்த தொகுதிகள் பல ஓரிரு நூறு படிகளே அச்சாகி, வெளியீட்டு விழாவோடு முடிந்துபோயின. பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் தமிழ்நாட்டுப் பதிப்புகள் எளிதில் கிடைக்கின்றன. இந்நாட்டுத் தொகுதி ஒன்றைக் கேட்டால் பெரும்பாலும் இல்லை என்பதே விடை. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. அதில் வந்து நூலுருப் பெறாத கதைகள் பல. சங்கப் பாடலைக் கைப்பேசியில் படிக்கும் மாணவர், தம் பாட்டனார் காலத்துத் தோட்டப்புறக் கதையை மங்கிய ஒளிநகலில்தான் காண்கிறார்.

சட்டமும் இங்கு எளிதில் வழிவிடுவதில்லை. 1987ஆம் ஆண்டு மலேசியப் பதிப்புரிமைச் சட்டப்படி, இலக்கியப் படைப்பின் உரிமை ஆசிரியர் மறைவுக்குப் பின் 50 ஆண்டுகள் நீடிக்கிறது. ஆய்வுக்கும் தனிக்கற்றலுக்கும் நியாயமான அளவில் படியெடுக்க அது இடந்தருகிறது. ஒரு முழுத் தொகுதியை வகுப்பு முழுமைக்கும் வழங்குவதை அதனுள் அடக்குவது கடினம்.

தமிழ்நாட்டில் இச்சிக்கலை அரசு ஒருவழியில் தீர்த்தது. 1949இல் பாரதியின் எழுத்துகளில் தொடங்கி, எழுத்தாளர் பலரின் படைப்புகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. மரபுரிமையர்க்குத் தொகையும் வழங்கப்படுகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் அந்நூல்களை மின்வடிவில் தந்ததால், விக்கிமூலத் தன்னார்வலர்கள் அவற்றை எழுத்துருவில் பெயர்த்து வருகின்றனர். மலேசியாவில் அத்தகைய வழக்கம் இல்லை. அதற்காகக் காத்திருப்பதும் பயனற்றது என்பதே எம் கருத்து. நமக்கு ஏற்ற முன்மாதிரி இலங்கையின் நூலகத் திட்டமாகும். 2005இல் தொடங்கிய அத்திட்டம், வாழும் எழுத்தாளரிடமும் பதிப்பாளரிடமும் இசைவு பெற்று ஈழத்து வெளியீடுகளை ஆவணப்படுத்தி வருகிறது.

எழுத்தாளர் தயங்குவார் எனின், அத்தயக்கம் நியாயமானதே. தம் கைப்பொருளைச் செலவிட்டு அச்சிட்டவர், விற்பனையில் இருக்கும் நூலை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? ஆதலின் விற்றுத் தீர்ந்த, மறுபதிப்புக் காணாத நூல்களையே முதற்கண் கேட்டல் வேண்டும். வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமம் உண்டென்பதையும் அவருக்கு எடுத்துரைக்க வேண்டும். ஆசிரியர் மறைந்தபின் மரபுரிமையர் நால்வர் நான்கு ஊர்களில் இருப்பின், ஒரு சிறுகதைக்கு நான்கு கையொப்பம் தேவைப்படும்.

மலாயாப் பல்கலைக்கழக நூலகம் ஆய்வேடுகள் பலவற்றை இணையத்தில் படிக்கத் தருகிறது. மலேசிய எழுத்தாளர்களை ஆராயும் மாணவர்கள் அவர்களை இல்லம் தேடிச் சென்று நேர்காண்பது வழக்கம். (இத்தகைய உழைப்பு பதவி உயர்வுப் புள்ளிகளில் பெரிதாக எண்ணப்படுவதில்லை, அது தனிக்கதை.) நேர்காணலின்போதே ஒரு பக்க இசைவுப் படிவத்தையும் உடன்கொண்டு செல்லலாம். நூலின் பெயர், பதிப்பாண்டு, அனுமதிக்கும் பயன்பாடு, திருத்த இடமுண்டா என்பது, கையொப்பம், நாள் ஆகியவை அதில் இருந்தால் போதும். ஒரு படி எழுத்தாளரிடமும், ஒரு படி துறையிலும், ஒரு படி ஆய்வேட்டின் பின்னிணைப்பிலும் இருத்தல் வேண்டும்.