எரிமலையைவிட மழைக்கு அஞ்சுங்கள்

இந்தியப் பெருங்கடலில் மொரீஷியஸுக்குத் தென்மேற்கே இருக்கும் ரீயூனியன் தீவு பிரான்சுக்குச் சொந்தமானது. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழிவந்தோர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். 2,512 சதுர கிலோமீட்டருக்குள் பவளப்பாறைக் கடற்கரை, புல் முளைக்காத எரிமலை மணல்வெளி, அடர்ந்த மழைக்காடு, 3,000 மீட்டரைத் தாண்டும் சிகரம், சாலையே எட்டாத மஃபாத் பள்ளத்தாக்கு என எல்லாம் அடங்கிவிடுகின்றன. சுற்றுலாத் துறையினர் காசாக்குவது இந்த வேறுபாட்டைத்தான். பயணியை மாட்டிவிடுவதும் அதுதான். இரண்டு மணி நேரத்தில் நிலம் மாறிவிடும். நிலத்தோடு ஆபத்தும், அதற்கான விதியும் மாறும். கடற்கரைச் செருப்போடு மலையேறப் போகிறவருக்கு அது உறைப்பதில்லை.

எல்லோரும் பயப்படுவது பித்தோன் டெ லா ஃபூர்னேஸ் எரிமலைக்கு. உண்மையில் அது மிக நெருக்கமாகக் கண்காணிக்கப்படும் ஆபத்து. 1977இல் எரிமலைக் குழம்பு ஊருக்குள் புகுந்ததை அடுத்து 1979இல் ஆய்வகம் அமைந்தது. நில அதிர்வு கூடினாலே எரிவாய்ச் சமவெளிக்குப் போகும் பாதைகளை அரசு மூடிவிடுகிறது. ‘குழம்பு மெதுவாகத்தானே ஓடுகிறது, உள்ளூர்க்காரர்களே வேடிக்கை பார்க்கிறார்களே, தடை எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் 2007 ஏப்ரலில் உச்சிப் பள்ளத்தின் அடித்தளம் சுமார் 300 மீட்டர் கீழே சரிந்தது. அது குழம்பின் வேகத்தைப் பார்த்துக் கணிக்கக்கூடிய விஷயமல்ல. பார்வையாளர்கள் கூடுவது பெரும்பாலும் அனுமதிக்கப்பட்ட இடங்களில். மூடிய பாதையில் மூடுபனி இறங்கினால் திசை தெரியாது.

எரிமலைக்குக் காட்டும் எச்சரிக்கையை மழைக்கு யாரும் காட்டுவதில்லை. தென்கிழக்குக் காற்று கிழக்குச் சரிவில் முட்டி அங்கேயே கொட்டித் தீர்க்கிறது. மேற்குக் கரை காய்ந்து கிடக்கிறது. 1966 ஜனவரியில் ஃபாக்-ஃபாக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பதிவானது, சென்னைக்கு ஓராண்டில் கிடைப்பதைவிட அதிகம்! ஆகவே வெயிலில் ஓடையைக் கடக்கும்போதே மலைமேல் பெய்த வெள்ளம் வந்து சேரலாம். அங்கே கோடைக்காலத்தில் வரும் புயல்களில் சிவப்பு எச்சரிக்கை வந்தால் வெளியே நடமாடத் தடை. ஊதா வந்தால் மீட்புப் படையும் உள்ளேதான். கடலும் விலக்கல்ல. சுறாத் தாக்குதல்களை அடுத்து 2013இல், பவளத்திட்டுக்கு உட்பட்ட நீர்ப்பரப்பும் கண்காணிப்புள்ள இடங்களும் தவிர மற்ற இடங்களில் கடலில் குளிக்கத் தடை வந்தது. அவசர எண் 112. பிரான்சில் மலை மீட்புக்குப் பொதுவாகக் கட்டணம் கிடையாது, மருத்துவமனைக்கு உண்டு. காப்பீட்டில் மலையேற்றம் அடங்குமா, தடைசெய்த இடத்தில் அடிபட்டால் பணம் வருமா என்று வாங்கும்போதே படித்துவிட வேண்டும்.

புயலில் விமானம் ரத்தானால் என்ன செய்வது? ஐரோப்பியச் சட்டம் ஐரோப்பியருக்குத்தான் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அது தவறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி பயணியின் குடியுரிமையைப் பார்ப்பதில்லை; ரீயூனியனும் ஒன்றியத்தின் பகுதி என்பதால் அங்கிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் அது பொருந்தும். இயற்கைச் சீற்றத்துக்கு நிறுவனம் என்ன செய்யும் என்ற வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது: இழப்பீடு கிடைக்காது. ஆனால் சாப்பாடு, தங்குமிடம், மாற்று விமானம் அல்லது கட்டிய கட்டணம் ஆகியவற்றைத் தர மறுக்க முடியாது. 2010 ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் தவித்த பயணி தொடர்ந்த வழக்கில், இந்தப் பராமரிப்புக் கடமைக்கு நாள் வரம்போ தொகை வரம்போ இல்லை என்று 2013இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கைக்காசு செலவழித்திருந்தால் நியாயமான தொகையைக் கேட்கலாம், ரசீது இருந்தால்.

பயணத்தை ஏற்பாடு செய்த இந்திய முகவர் சொன்னபடி செய்யாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரவும் முடியும். அதற்கான கெடு இரண்டு ஆண்டுகள்.