வெள்ளைப் பாசி: இலையைப் பார்த்து இனம் காண்போம்

வட்டவளையில் மழைக்குக் குறைவில்லை. ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் இவ்வூரில் லயத்துச் சுவர், தேயிலைத் தூர், கற்பாறை எங்கும் பாசி படர்கின்றது. அனைத்தையும் ‘பாசி’ என்று ஒரே பெயரால் அழைக்கின்றோம். ஆனால் இலங்கையில் 500க்கும் மேற்பட்ட பாசி இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றை மற்றொன்றாக எண்ணினால் நம் உழைப்பு வீணாகலாம்.

சென்ற மழைக்காலத்தில், இடம்பெயர்ந்து வந்து இங்கே குடியேறிய தாய் ஒருவர் உரச்சாக்கு நிறைய வெள்ளைப் பாசி கொண்டுவந்தார்.

“சாமி, இதுதான் தண்ணி புடிக்கிற பாசின்னு சொன்னாங்க. கொய்யாக் கொப்புல இதச் சுத்திப் பதியம் போட்டா, கன்னு வித்துப் பொழைச்சுக்கலாமுங்களா?”

நிலத்தை இழந்து வந்தவருக்குக் கன்று விற்பனை நல்ல வழிதான். ஆனால் சாக்கில் இருந்தது எந்தப் பாசி?

பதியம் போட உலகெங்கும் பயன்படுவது ஸ்பாக்னம் என்னும் பாசி. அது தன் காய்ந்த எடையைப் போல் ஏறக்குறைய 20 மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். முதலாம் உலகப் போரில் (1914-1918) பஞ்சுக்குப் பதிலாகக் காயங்களுக்கு வைத்துக் கட்டவும் அது உதவியது. காய்ந்தால் அதுபோலவே வெளுத்துத் தோன்றும் இன்னொரு பாசி லூக்கோபிரையம். மரத்தடியில் மெத்தைபோல் வளர்வது அது.

இவ்விரண்டையும் உறுதியாகப் பிரித்தறிய இலையைப் பார்க்க வேண்டும். பாடசாலை நுணுக்குக்காட்டியே போதும். காய்ந்த பாசியைச் சிறிது நேரம் நீரில் ஊறவிட்டு, ஊசியால் ஓர் இலையைக் கழற்றி, கண்ணாடித் துண்டில் ஒரு துளி நீரில் வையுங்கள்.

ஸ்பாக்னத்தின் இலைக்கு நடுநரம்பு இல்லை. ஒரே அடுக்குக் கலங்கள் வலைபோல் பின்னியிருக்கும். ஒடுங்கிய பச்சைக் கலங்களுக்கு இடையே அகன்ற வெற்றுக் கலங்கள் காணப்படும். இவை இறந்த கலங்கள். இவற்றின் சுவரில் துளைகள் உண்டு. அத்துளைகள் வழியே நீர் புகுந்து உள்ளே தங்குகின்றது. வெற்றுக் கலம் நசுங்காதபடி, பீப்பாய்க்கு வளையம் போட்டதுபோல் உட்புறம் வரிவரியாகத் தடித்திருக்கும். இவ்வளையங்களே சிறந்த அடையாளம்.

லூக்கோபிரையத்தின் இலை தடித்தது. ஏறக்குறைய முழுவதும் நடுநரம்பே. அதைச் சவர அலகால் குறுக்கே மெல்லியதாகச் சீவிப் பார்க்க வேண்டும். நடுவே ஒரு வரிசை சிறிய பச்சைக் கலங்களும், அதற்கு மேலும் கீழும் வெற்றுக் கலங்களும் தெரியும். அந்த வளையங்கள் இரா.

அத்தாய் கொண்டுவந்த பாசியில் வளையங்கள் இல்லை, அது லூக்கோபிரையமே. இதுவும் நீர் பிடிக்கும். ஆனால் இதன் தண்டு குட்டை, இலை எளிதில் முறியும். கொப்பைச் சுற்றிக் கட்டினால் உதிர்ந்து போகும். மெதுவாக வளரும் இதைச் சாக்குக் கணக்கில் உரித்தால் மரத்தடி ஈரமும் போய்விடும்.

அப்படியானால் ஸ்பாக்னத்தைத் தேடிப் போகலாமா? இங்கே அது ஹோட்டன் சமவெளி போன்ற குளிர்ந்த சதுப்பிடங்களில் வளர்கின்றது. 1988 முதல் அது தேசியப் பூங்கா. அங்கிருந்து செடி எடுப்பது குற்றம். ஆகவே பதியத்துக்கு நனைத்துப் பிழிந்த தும்புச்சோற்றைப் பயன்படுத்துங்கள். பட்டை நீக்கிய இடத்தில் அதை வைத்து, பொலித்தீனால் சுற்றி, இரு முனைகளையும் இறுகக் கட்டினால் போதும். அத்தாயும் இப்போது அவ்வாறே செய்கின்றார்.

மேற்கண்ட முறை பாசியின் குடும்பத்தைக் காட்டும். அதற்குள் எந்த இனம் என்று அறிய, பெயரிட்டுக் காத்துவரும் மாதிரிகளுடன் ஒப்பிட வேண்டும். பேராதனைத் தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த துவைற்ஸ், மிற்றன் என்பவருடன் சேர்ந்து 1873இல் இலங்கைப் பாசிகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அவர்களும் இலைகளை இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தே பெயர் கண்டார்கள்.

எனவே யாராவது “இதுதான் அந்தப் பாசி” என்று சொன்னால், சாக்கை நிரப்புமுன் ஓர் இலையைப் பாடசாலைக்கு எடுத்துச் சென்று, பிள்ளைகளுடன் சேர்ந்து பாருங்கள்.