வெஸ்பர் படகுக் கழகம்: துடுப்பும் தொழிலாளியும்

அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா நகரில், ஸ்கூல்கில் ஆற்றங்கரையில் பழைய படகு மனைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்று வெஸ்பர் படகுக் கழகத்திற்கு உரியது. 1865ஆம் ஆண்டில் வேறு பெயருடன் தோன்றிய இக்கழகம், 1870இல் இன்றைய பெயரைப் பெற்றது. வெஸ்பர் என்பது மாலைப்பொழுதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாகும்.

படகோட்டப் போட்டி இரு வகைப்படும். ஒருவர் ஒரே துடுப்பை இரு கைகளாலும் பற்றி வலிப்பது ஒரு வகை. கைக்கொரு துடுப்பாக இரண்டை வலிப்பது மற்றொரு வகை. முதல் வகையில் தலைசிறந்தது எண்மர் படகு. எட்டுப் பேர் துடுப்பு வலிக்க, ஒன்பதாமவர் சுக்கானைக் கவனித்து, வலிப்பின் வேகத்தை நெறிப்படுத்துவார். 1900இல் பாரிஸிலும் 1904இல் செயின்ட் லூயிஸிலும் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களில் எண்மர் படகில் வென்றவர்கள் வெஸ்பர் கழகத்தினரே.

1905இல் இக்கழகம் இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஹென்லி போட்டிக்குச் சென்றது. பயணச் செலவுக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. ஊதியம் கருதாது விளையாடுவோர்க்கு அது தகாது என்று கருதிய ஹென்லி நிர்வாகிகள், வெஸ்பர் கழகத்தை இனி ஏற்பதில்லை என 1906இல் தீர்மானித்தனர். அங்கே மற்றொரு விதியும் இருந்தது. கூலிக்குக் கைத்தொழில் செய்தவர் எவரும் போட்டியிடலாகாது என்பதே அது. உழைத்து உரமேறிய உடல் பிறரைவிட வலிமை பெற்றுவிடும் என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். உழைப்பே ஒருவரின் குற்றமாயிற்று!

1920இல் இவ்விரு தடைகளும் ஒருவரையே தாக்கின. அவர் ஜான் கெல்லி; வெஸ்பர் கழக வீரர்; செங்கல் அடுக்கும் கொத்தனாராகத் தொழில் பயின்றவர். ஹென்லியின் ஒற்றையர் போட்டிக்கு அவர் அனுப்பிய விண்ணப்பம் மறுக்கப்பட்டது. மறுத்தவர்களுக்கு அவர் நீரிலேயே விடை கூறினார். அதே ஆண்டின் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் பந்தயத்தில், அவ்வாண்டு ஹென்லியில் வாகை சூடிய ஜாக் பெரஸ்போர்டை 1 விநாடி முந்தித் தங்கப் பதக்கம் பெற்றார். தம் உறவினர் பால் காஸ்டெல்லோவுடன் இரட்டையர் போட்டியிலும் வென்றார். பின்னாளில் கட்டட ஒப்பந்தத் தொழிலில் பெருஞ்செல்வரானார். திரைப்பட நடிகையாக இருந்து மொனாக்கோவின் இளவரசியான கிரேஸ் கெல்லி இவருடைய மகளாவார்.

தொழிலாளரை விலக்கிய விதி 1937இல் நீக்கப்பட்டது. தந்தைக்குக் கிட்டாத ஹென்லி ஒற்றையர் கோப்பையை, அவர் பெயரையே தாங்கிய மகன் 1947இலும் 1949இலும் வென்றார்.

வெஸ்பரின் பெருவெற்றி 1964இல் வாய்த்தது. 1920 முதல் 1956 வரை ஒலிம்பிக் எண்மர் படகில் அமெரிக்காவுக்கு வெற்றி தேடித் தந்தவர்கள் பல்கலைக்கழக மாணவரும் கடற்படைக் கல்லூரி மாணவருமே. 1960இல் ஜெர்மனி அவ்வெற்றித் தொடரை முறித்தது. அடுத்த தேர்வுப் போட்டியில் கல்லூரிக் குழுக்களை வென்று வெஸ்பர் டோக்கியோ சென்றது. அக்குழுவில் படை அதிகாரிகளும், 34 வயதான வணிகர் ஒருவரும் இருந்தனர். சுக்கான் பிடித்த ராபர்ட் சிமோனிக்கு வயது 46. 1948இல் ஹங்கேரிக்காக வெண்கலப் பதக்கம் பெற்ற அவர், 1956இல் தாயகத்தைத் துறந்து அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்தவர்.

காற்றின் மிகுதியால் இறுதிப் போட்டி தாமதமாயிற்று. இருள் சூழவே, வாணங்களை எரியவிட்டு அந்த ஒளியில் படகுகள் செலுத்தப்பட்டன. ஜெர்மனியரை 5 விநாடிகளுக்கு மேல் பின்தள்ளி வெஸ்பர் தங்கம் வென்றது.

ஒரு கழகத்தின் பெருமையைப் பதக்கங்களை மட்டும் கொண்டு அளத்தல் போதாது. கொத்தனாருக்கும் புகலிடம் நாடி வந்தவருக்கும் தன் படகில் இடமளித்தது வெஸ்பர். ஹென்லியோ கொத்தனாரை விலக்கியது. பின்னர் அவ்விதியைத் தானே கைவிட்டது. தொழிலை வைத்து மனிதரைத் தரம் பிரிப்போர் நினைவிற்கொள்ள வேண்டிய வரலாறு இது.