ஷாக்லி குறைக்கடத்தி ஆய்வுகூடம்

ஷாக்லி குறைக்கடத்தி ஆய்வுகூடம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மவுண்டன் வியூ நகரில், 1956 ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய நிறுவனம் ஆகும். பின்னாளில் சிலிக்கன் பள்ளத்தாக்கு எனப் பெயர்பெற்ற பகுதியில் சிலிக்கன் குறைக்கடத்திகளை உருவாக்க முற்பட்ட முதல் நிறுவனம் இதுவே. எனினும், இதன் தயாரிப்புகளை விட, 1957 இல் எட்டுப் பேர் இதிலிருந்து ஒன்றாக விலகிய நிகழ்வே இதன் பெயரை நிலைக்கச் செய்தது. சிறந்த சக பணியாளர்களும் மோசமான முகாமையும் ஓரிடத்தில் அமைந்த நிறுவனத்துக்கு இது நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும்.

பணியாளர் தேர்வு

நிறுவனர் வில்லியம் ஷாக்லி, டிரான்சிஸ்டர் எனப்படும் திரிதடையத்தைக் கண்டறிந்தமைக்காக 1956 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவருள் ஒருவர். பெல் ஆய்வுகூடத்தில் தம்முடன் பணியாற்றியோரை அவர் அழைத்தபோது அவர்கள் வர இசையவில்லை. எனவே நாடெங்கும் தேடி இளைஞர்களைச் சேர்த்தார். திறமையை இனங்காண்பதில் அவருக்கு நிகரானோர் அரிது. வேலையில் சேருமுன் உளவியல் தேர்வுகளும் நடத்தப்பட்டன. ராபர்ட் நாய்சு, கார்டன் மூர் இருவரும் ஒருபோதும் மேலாளர்களாக மாட்டார்கள் என்று அத்தேர்வு காட்டியதாக மூர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். இவ்விருவருமே பின்னர் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கி நடத்தினர்.

முகாமைச் சிக்கல்கள்

தாம் தேர்ந்தெடுத்தவர்களின் அறிவை ஷாக்லியே நம்பவில்லை. அவர்கள் கூறும் ஆய்வு முடிவுகளைச் சரிபார்க்கப் பெல் ஆய்வுகூடத்துப் பழைய நண்பர்களைக் கேட்பார். அனைவரின் ஊதியத்தையும் எல்லோரும் காணுமாறு எழுதி ஒட்டினார். பெண் ஊழியர் ஒருவரின் கையில் கீறல் ஏற்பட்டபோது, அதைச் சதிவேலை என ஐயுற்றுப் பணியாளர்களை உண்மை அறியும் கருவியால் சோதிக்க முற்பட்டார். கீறியது தலை உடைந்த ஒரு குத்தூசி மட்டுமே. சிலிக்கன் திரிதடையமே விற்பனைக்கு உகந்தது எனப் பணியாளர்கள் கருத, அவரோ தாம் கண்ட நான்கு அடுக்கு டையோடை நோக்கி முயற்சியைத் திருப்பினார்.

வெளியேற்றம்

நாய்சு நீங்கலான எழுவர், நிறுவனத்தின் உரிமையாளரான ஆர்னால்டு பெக்மனிடம் முறையிட்டு வேறொரு மேலாளரை அமர்த்தக் கோரினர். முதலில் இசைந்த பெக்மன் பின்னர் ஷாக்லியின் பக்கமே நின்றார். தனித்தனியே வேலை தேடியிருந்தால் அவர்களுள் எவருக்கும் அது எளிதில் கிடைத்திருக்கும். ஆயினும் குழு கலைவதை அவர்கள் விரும்பவில்லை. தங்கள் அனைவரையும் ஒருசேர வேலைக்கு எடுக்கும் நிறுவனம் ஏதேனும் உண்டா என நியூயார்க் பங்குத் தரகு நிறுவனம் ஒன்றுக்கு யூஜின் கிளைனர் கடிதம் எழுதினார். அங்கிருந்து வந்த ஆர்தர் ராக், சொந்த நிறுவனமே தொடங்கலாம் என ஆலோசனை கூறினார். இறுதியில் நாய்சும் இணைந்தார். செப்டம்பர் 1957 இல் எண்மரும் விலகி, ஷெர்மன் ஃபேர்சைல்டின் நிதியுதவியுடன் ஃபேர்சைல்டு குறைக்கடத்தி நிறுவனத்தை நிறுவினர். ஜீன் ஹோர்னி, ஜே லாஸ்ட், ஷெல்டன் ராபர்ட்ஸ், விக்டர் கிரினிச், ஜூலியஸ் பிளாங்க் ஆகியோர் மற்ற ஐவர். இக்குழு 'துரோக எண்மர்' எனப் பின்னர் அழைக்கப்பட்டது.

பிற்கால நிலை

1959 இல் ஹோர்னியின் சமதளச் செய்முறையும், அதன் அடிப்படையில் நாய்சு உருவாக்கிய தொகுசுற்றும் புதிய நிறுவனத்திலிருந்தே வெளிவந்தன. ஆனால் அங்கும், தொலைவில் நியூயார்க்கிலிருந்து ஆணையிட்ட தலைமையுடன் பூசல் எழ, 1968 இல் நாய்சும் மூரும் விலகினர். ஷாக்லியின் ஆய்வுகூடம் வணிக வெற்றி எதையும் காணாமல் 1960 இல் கிளெவைட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. எண்மருள் இறுதியாக வாழ்ந்திருந்த கார்டன் மூர் 2023 மார்ச்சு 24 அன்று காலமானார்.