நடமாடும் வீட்டின் கூரையில் சூரிய மின்சாரம்

ஜெர்மனி முதலான மேல்நாடுகளில், மோட்டார் வேனையே படுக்கையும் அடுப்பும் கொண்ட சிறு வீடாக மாற்றிக்கொண்டு, குடும்பத்துடன் பல நாள் பயணம் செய்யும் வழக்கம் நெடுநாளாக உண்டு. வோக்ஸ்வாகன் வேன்களை இவ்வாறு மாற்றும் வேலையை வெஸ்ட்பாலியா நிறுவனத்தார் 1951-இலேயே தொடங்கினர். 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச்சாலையார் வெளியிட்ட சிலிக்கன் மின்கலம், தன்மேல் விழுந்த ஒளியில் 100-க்கு 6 பங்கையே மின்சாரமாக்கிற்று. இன்றைய தகடுகள் பல 20 பங்குக்கு மேலும் ஆக்குகின்றன. ஆதலின் அவ்வண்டிகளின் கூரையே இன்று சிறு மின்நிலையமாகியுள்ளது.

ஆயினும், தகட்டை வாங்கிப் பொருத்திய பின்னரும் இருளில் அமர நேரிடுவதுண்டு. செலவைக் கணக்கிடாமல் வரவை நம்புவதே அதன் காரணம்.

வரவும் செலவும்

ஒரு வாட் சக்தியுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவு ஒரு வாட்-மணி. 5 வாட் விளக்குகள் இரண்டு, 5 மணி நேரம் எரிய 50. 20 வாட் விசிறி 5 மணி நேரம் சுழல 100. 40 வாட் குளிர்ப்பெட்டி விட்டுவிட்டு மொத்தம் 10 மணி நேரம் ஓட 400. கைப்பேசிக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் 50. ஆக, நாளொன்றுக்கு 600 வாட்-மணி செலவு.

வரவு யாது? ஜெர்மனியில் ஜூன் மாதத்தில், படுத்த கூரைமேல் நாளொன்றுக்குக் கிடைப்பது சுமார் 5 மணி நேர முழு வெயிலுக்கு ஈடான ஒளி. 200 வாட் தகடுகள் 1000 வாட்-மணி தரவேண்டும். வெப்பம், தூசி, கம்பி ஆகியவற்றால் ஏற்படும் நஷ்டம் போக 700 தேறும். செலவுக்குப் போதும். டிசம்பரிலோ அவ்வொளி ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. 100 வாட்-மணி கிடைப்பதும் அரிது. அப்போது குளிர்ப்பெட்டியை நிறுத்தவேண்டும். அல்லது வண்டி ஓடும்போது எஞ்சினிலிருந்து பாட்டரிக்கு மின்னேற்றவேண்டும். மழைக்காலத்தில் தெருவில் பாவு விரிக்க இயலாமையை அறிந்த நெசவாளர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை.

கையிருப்பு

பாட்டரி என்பது சங்கத்தின் சேமநிதி போன்றது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரியில் 1200 வாட்-மணி அடங்கும். ஆயினும் பாதிக்குமேல் அடிக்கடி எடுத்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே அது ஒரு நாள் செலவையே தாங்கும். லித்தியம் பாட்டரியில் இன்னும் அதிகம் எடுக்கலாம், விலையும் அதிகம்.

கூரை வேலை

தகட்டுக்கும் கூரைக்கும் இடையே இரண்டு விரற்கடையேனும் காற்றோட்டம் வேண்டும். சூடேறினால் மின்சாரம் குறையும். கூரையைத் துளைத்தால், துளையின் ஓரத்துக்கு வர்ணம் பூசி, நீர் புகாதபடி பசையிட்டு அடைக்கவேண்டும். இன்றேல் துருவும் ஒழுக்கும் வண்டியையே அழித்துவிடும். வேகமாகச் செல்கையில் காற்று தகட்டைத் தூக்கும். பிடிப்பு உறுதியாக இருத்தல் அவசியம். கூரைப் பெட்டியின் நிழல் தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலும், ஒரு மடை அடைபட்ட வாய்க்கால்போல் வரவு பெரிதும் குன்றும்.

தகட்டுக்கும் பாட்டரிக்கும் நடுவே மின்னேற்றத்தை அளந்து விடும் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கவேண்டும். பெரும்பாலான கருவிகளில் முதலில் பாட்டரியையும் பின்னரே தகட்டையும் இணைத்தல் முறை. வெயில் படும்வரை தகட்டில் மின்சாரம் உண்டாதலின், வேலை முடியும்வரை அதனைக் கெட்டித் துணியால் மூடிவைக்கவேண்டும். 200 வாட் என்பது 12 வோல்ட்டில் ஏறத்தாழ 17 ஆம்பியர். மெல்லிய கம்பி சூடேறித் தீப்பற்றக்கூடும். தடித்த கம்பியும், பாட்டரியின் அருகிலேயே ஃபியூஸும் இன்றி இணைத்தல் ஆகாது.

நம் அங்கத்தினர்கள் தறிக்கூடத்திலோ தோட்டக் கொட்டகையிலோ தகடு வைக்க எண்ணினாலும் இக்கணக்கு மாறாது. விற்பவர் சித்திரை வெயிலின் வரவைச் சொல்லுவார். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எவ்வளவு கிடைக்கும் என்பதனையும் கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொண்டு, அதன் பின்னரே முன்பணம் கொடுப்பீர்களாக.