இனி வராதா ஆழிப்பேரலை?

கோல் மார்க்கெட்டில் காய்கறி வாங்கும்போது பக்கத்துத் தெரு நண்பர் கேட்டார்: "சார், வேளாங்கண்ணி பக்கம் கடலோரமாக ஒரு மனை பார்த்திருக்கிறேன். 2004-இல் அவ்வளவு பெரிய பூகம்பம் வந்துவிட்டதே, இனி நம் காலத்தில் வராது, இல்லையா?"

நான் ரயில்வேயில் தண்டவாளம் பார்த்த டிப்ளமா எஞ்சினியர். பூமியைப் பற்றிப் பிறகுதான் படித்தேன். நம்மில் பலருக்கும் ஊரில் கடலோரச் சொந்தங்கள் உண்டு என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்தமான் – சுமத்ரா கடலடியில் இந்தியத் தட்டு, பக்கத்துத் தட்டின் அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் சொருகிக்கொண்டு போகிறது. இரண்டும் உராய்ந்து பூட்டிக்கொள்கின்றன. கோடையில் நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம், நீள இடமின்றி அழுத்தத்தை உள்ளேயே வைத்திருக்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, திடீரென்று நெளிந்துவிடும். கடலடியிலும் அப்படித்தான். 2004 டிசம்பர் 26 காலை 6.29-க்கு, சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூட்டு விட்டுப்போயிற்று. பூகம்பத்தின் அளவு 9.1.

அந்தப் பக்கம் 1881-இலும் 1941-இலும் பூகம்பங்கள் வந்ததுண்டு. 1881-இன் அலை சென்னையில் கடல்மட்டக் கருவியில் பதிவானது, ஆனால் சிறியது. தாய்லாந்துக் கரையில் தோண்டியபோதோ, 2004-இன் மணலுக்கு அடியில் அதே போன்ற, சுமார் 600 ஆண்டுப் பழைய மணல் படிவு கிடைத்தது. ஆக, நூறு வருட அமைதியை வைத்துக் கணக்குப் போட முடியாது.

தண்டவாள இணைப்பில் ஒரு போல்ட் அறுந்தால் பளு மற்ற போல்ட்டுகள் மேல் ஏறும். 2005 மார்ச் 28-இல் நியாஸ் தீவருகே 8.6, 2007 செப்டம்பரில் அதற்கும் தெற்கே 8.4. மெந்தாவாய்த் தீவுகளை ஒட்டிய பகுதி இன்னும் முழுதாக அவிழவில்லை.

நண்பரிடம் சொன்னேன்: "2004 போன்றது அதே இடத்தில் திரும்ப வர நூற்றாண்டுகள் ஆகலாம். சிறியவை இடையில் வரலாம். மனையைக் கடலிலிருந்து தள்ளி வாங்குங்கள்."

அன்று அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று, சொல்லத்தான் ஆளில்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் இருக்கிறது. இலங்கையில் பெராலியவில் முதல் அலைக்குப் பின் நின்றுபோன ரயிலில் ஊர்மக்களும் ஏறிக்கொண்டார்கள். அடுத்த அலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்காரனான எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

ஊருக்குப் பேசும்போது இதைச் சொல்லுங்கள்: கடல் திடீரென்று உள்வாங்கினால் மேட்டுக்கு ஓட வேண்டும், முதல் அலை வடிந்ததும் திரும்பக் கூடாது.